எங்கே போகிறாய், இக்ராம்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் வயிற்றெரிச்சலில். நான் வருடக்கணக்காக எழுதியும் கெய்ரோவில் ஒரு டீக்கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நண்பன் வக்தி, மைக்ரோபஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் படமெடுத்தே தூதரகங்களில் விருந்து சாப்பிடுகிறான்.

தொடக்கம் இப்படி இருந்தது: ‘ராம்சேஸ் சதுக்கத்துப் புழுதியில் சூரியன் ஒரு...’

(சூரியனை இழுக்காமல் ஒரு கதை தொடங்க வராதா எனக்கு? விட்டுவிட்டேன்.)

2

எங்கள் ஊரில் மைக்ரோபஸ்ஸைக் கூவி நிறுத்துவதில்லை. ஹாரன் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? போகுமிடத்தைக் கையால் சொல்வோம். இரண்டு கை விரல்நுனிகளையும் சேர்த்துக் கூம்பாக்கினால் ஹரம் தெரு, அதாவது பிரமிடு பக்கம். கெய்ரோவில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

வக்தி எடுத்தது அப்படிக் கூம்பிய இரண்டு கைகளை. முகம் இல்லை. வலது கையில் நீலக்கல் மோதிரம். கண்காட்சி நடத்தும் வெளிநாட்டு அம்மையார் உருகிப்போய், ‘கூரையைத் தேடும் ஆன்மா’* என்று பெயர் வைத்தார். நாளைக் காலை அந்தப் படம் துணியில் அச்சாகி, ராம்சேஸ் சதுக்கத்தில் நாலு மாடி உயரத்துக்குத் தொங்கப்போகிறது.

* ஆன்மா தேடியது ஜன்னலோர இருக்கையை.

3

கைகளுக்குச் சொந்தக்காரி இக்ராம், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கண்காட்சி அழைப்பிதழ் கடைக்கு வந்தது. அதில் தன் கைகளின் படத்தைப் பார்த்ததும் வக்தியின் ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

“உஸ்தாத், அதைத் தொங்க விடாதீங்க.”

“ஏம்மா பயப்படறே? மூஞ்சியே தெரியலையே!”

“மூஞ்சி தெரிஞ்சாக்கூடப் பரவால்ல. போற இடத்தையில்ல காட்டிட்டீங்க! வேலை முடிஞ்சு ஷுப்ராவுல அத்தை வீட்டுக்குப் போறேன்னு அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்த மோதிரமே அவன் வாங்கித் தந்ததுதான். தினம் அந்தச் சதுக்கத்து வழியாத்தான் போறான்.”

“அதுக்கு?”

“ஹரம்னா அவனுக்கு ராத்திரி ஆட்டம் போடுற கிளப் ஒண்ணுதான் தெரியும். வேலைய விட்டு நிறுத்தி வீட்டுல பூட்டிருவான்.”

“கலைன்னு வந்துட்டா, கொஞ்சம்...”

“கலையா? அப்ப உங்க பொண்டாட்டி கைய எடுத்துத் தொங்கவிடுங்க!”

வக்தி காபி வரவழைத்தான். அவள் குடிக்கவில்லை.

4

சரி, அவள் ஹரம் தெருவில் எங்கேதான் போகிறாள்? உங்களுக்கும் அரிக்கிறதல்லவா? எழுதிப் பார்த்தேன்: ‘மூன்றாம் மாடி ஜன்னலில் அவளுக்காக ஒருவன்...’

இக்ராம் சட்டென்று என் பக்கம் திரும்பிவிட்டாள்.

“நீ யாருய்யா?”

“உன் கதைய எழுதுறவன்.”

“எங்க போறேன்னு அண்ணன் கேக்கறான். நீயும் அதையே கேக்கறே. அவனாச்சும் மோதிரம் வாங்கித் தந்தான்.”

சுருக்கென்றது. மூன்றாம் மாடிக்காரனைக் கீழே இறக்கி அனுப்பிவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது.

5

முடிவு அ: வக்தி மனம் மாறுகிறான். (வக்தியைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: பாலைவனக் காற்று கிளம்பித் துணியைக் கிழிக்கிறது. (வழி தெரியாத எழுத்தாளனுக்கு வானிலையே துணை.)

முடிவு இ: அண்ணன் சதுக்கத்தில் இறங்கி, அண்ணாந்து, மோதிரத்தை...

இதற்கு மேல் கை ஓடவில்லை.

ஒரே ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் பகுதியில் ‘வலது கையில் நீலக்கல் மோதிரம்’ என்று ஒரு வரி. அதை அடித்துவிட்டால் அண்ணன் நிமிர்ந்து பார்ப்பான். “எவளோ ஹரம் போறா” என்று முனகிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். அடிக்க எனக்கு மனம் வரவில்லை. மோதிரம் போனால் கதையும் போய்விடும். நான் மட்டும் என்ன யோக்கியன்? இந்த விஷயத்தில் வக்திக்கே அண்ணன்தான்.

பேனா இருந்தால் நீங்களே அடித்துவிடுங்கள். அதற்கு முன்னால் அவள் எங்கேதான் போகிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், யோசியுங்கள், தாராளமாக யோசியுங்கள். அண்ணனின் வண்டி சதுக்கத்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது.