ஆறாவது மாதிரி

எழில்மதி ஐந்து வருடமாக ஒரே ஒரு நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்பது அதன் முழுப்பெயர். ஆய்வுக்கூடத்தில் ஜி6பிடி என்பார்கள். அது குறைந்த உடம்பில், சில ரசாயனங்கள் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் தாங்காமல் உடைந்துபோகும். வெவ்வேறு உயிர்களில் அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளந்து ஒப்பிடுவதுதான், காரைக்காலில் ஒரு கல்லூரியில் அவள் செய்துவந்த முனைவர் பட்ட ஆய்வு.

மடவை, இறால், கோழி, ஆடு, ஈஸ்ட் என்று ஐந்து முடிந்திருந்தன. மடவையும் இறாலும் கருக்களாச்சேரியில் அவள் அக்கா வினிதாவின் கணவர் மணிவேல் படகில் பிடித்தவை. ஐஸ் பெட்டியில் போட்டு அவரே பைக்கில் கொண்டுவந்து கொடுப்பார். ஆறாவது மனித ரத்தம். எழில்மதி தன் ரத்தத்தையே எடுத்துக்கொண்டாள். நொதியின் வேகம் வரவேண்டிய அளவில் பாதிதான் வந்தது. வழிகாட்டி திருஞானசம்பந்தம் இன்னொரு தடவை செய்து பார்க்கச் சொன்னார். கருத்தரங்குக்கு நான்கு நாள்தான் இருந்தது. மாதிரி கெட்டுவிட்டது என்று நோட்டில் எழுதி அடித்துவிட்டு, கூடப் படிக்கும் பஹீமாவின் ரத்தத்தை வைத்து அளந்தாள். சரியாக வந்தது. அதோடு மறந்துபோனாள்.

இரண்டு வருடம் கழித்து வினிதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. ஆதவன் என்று பெயர் வைத்தார்கள். அம்மா இறந்து மூன்று வருடமாகியிருந்தது. அம்மா இருந்தால் செய்திருக்கக்கூடியதையெல்லாம் தானே செய்யவேண்டும் என்று எழில்மதி நினைத்தாள். டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த அம்மாவின் நூல் சேலைகள் நான்கையும் எடுத்துப்போய், ஒன்றைத் தூளியாகக் கட்டினாள். மற்றவற்றைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றத் துணியாக்கினாள். பூச்சி அரிக்காமலிருக்கப் பெட்டி நிறைய அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள். சேலையில் அந்த வாசனை அடித்தது. துவைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அம்மா வாசனையும் கொஞ்சம் இருக்கிறது என்று வினிதா முகர்ந்து பார்த்துச் சொன்னபோது இருவருக்கும் கண் கலங்கியது.

மூன்றாம் நாள் பிள்ளையின் கண் மஞ்சளித்தது. வினிதா தங்கையைத்தான் கேட்டாள். பிறந்த குழந்தைகளுக்கு வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று எழில்மதி சொன்னாள். படித்தவள் சொன்னதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு நாள் வெயிலில் காட்டினார்கள். அடுத்த நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கிறீச்சென்று அழுதது.

காரைக்காலில் பார்த்தவுடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பிள்ளையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் அதற்குள் மஞ்சள் மூளையைத் தாக்கியிருந்தது. முதலில் எடுத்த ரத்தத்தைச் சோதித்த டாக்டர் அம்மா இரண்டு நாள் கழித்து வந்து, பிள்ளைக்கு ஜி6பிடி என்கிற நொதி குறைவு என்றும், இது அம்மா வழியில் வருவது என்றும் சொன்னார். வீட்டில் அந்துருண்டை ஏதாவது வைத்திருந்தீர்களா என்று கேட்டார். தன் வீட்டு பீரோவை நினைத்துக்கொண்டு வினிதா இல்லை என்றாள். பக்கத்தில் நின்ற எழில்மதி வாய் திறக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே, இந்தக் குறைவு உள்ளவர்களுக்கு ஆகாதவை என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்துருண்டை அதில் மூன்றாவது.

ஊர் திரும்பியதும் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பழைய நோட்டை எடுத்தாள். தன் கையால் எழுதி அடித்திருந்த வரியைப் பார்த்தாள். பஹீமாவிடம் தன் கையிலிருந்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னாள். மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் பாதிதான். அன்றைக்கே இன்னொரு தடவை செய்திருந்தால் தன் ரத்தத்தில் இருப்பது அக்காவுக்கும் இருக்கலாம் என்று தெரிந்திருக்கும். எட்டு வருடம் தவமிருந்தவளைப் பிரசவத்துக்கு முன்பே எச்சரித்திருக்கலாம்.

மறுநாள் கருக்களாச்சேரிக்குப் போனாள். நோட்டையும் கொண்டுபோனாள். வினிதா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். எழில்மதி ஒன்றுவிடாமல் சொன்னாள், சேலையை, வெயிலை, அடித்த வரியை. வினிதா நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் எதுவும் புரிந்திருக்காது.

“இத சொல்லாமயே இருந்திருக்கலாம்ல, எழிலு,” என்றாள். “சாமி குடுத்ததுன்னு நெனச்சுக்கிட்டு கெடந்திருப்பேன்.”

வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மணிவேல் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளே வந்து சத்தம் போடுவார் என்று எழில்மதி நினைத்தாள். அவர் நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

“இன்னொரு புள்ள பொறந்தா?”

“பையனா இருந்தா பாதிக்குப் பாதி, மாமா.”

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனார். அதற்குப் பிறகு அவர் எழில்மதியிடம் பேசவில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்கச் சொல்லித் திருஞானசம்பந்தம் மூன்று முறை போன் செய்தார். அவளுடைய ரத்தத்தையும் சேர்த்து எழுதினால் ஆய்வு இன்னும் கனமாகும் என்று, ஆறுதலாகத்தான், சொன்னார். அவள் கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இப்போது கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள்.

ஆதவனுக்குப் பதினொரு மாதம். தலை நிற்கவில்லை. பாண்டிச்சேரியில் காதைச் சோதித்துவிட்டு, எதுவும் கேட்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மணிவேல் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் மட்டும் எழில்மதி வருவாள். வினிதா தடுப்பதில்லை, பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வேலையைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். மடியில் மட்டும் கொடுப்பதில்லை. எழில்மதி பாயோரம் உட்கார்ந்து அவன் காதருகே கைதட்டுவாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் பலமாகத் தட்டுவாள். அவன் கண் இமைப்பதில்லை.