மிலாறுத் தட்டியில் ஏறாத கொடி

1

இந்தக் கதை கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோவிலிருந்து வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டுக்குள் வளர்க்கும் கொடிகளை ஏற்றிவிட மரத்தட்டி செய்வது எப்படி என்று ஒருவர் பொறுமையாகக் காட்டினார். செய்து முடித்ததும் அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, “இப்போது இது இரண்டு அறை” என்றார். அவருடைய கூடத்தில் கிரிக்கெட் விளையாடலாம்.

நான் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், ஒரே அறையில், இப்படியொரு தட்டி யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் சுலக்ஷனா கதைக்குள் வந்தாள்.

2

முதல் தொடக்கம்: ‘அக்கரப்பத்தனையின் பனிமூட்டத்தில் மூழ்கிக் கிடந்த அந்த லயத்தில்—’

வேண்டாம். பனிமூட்டம் இல்லாமல் மலையகக் கதை தொடங்கக் கூடாதென்று யாரோ சட்டம் போட்ட மாதிரி எல்லாரும் எழுதுகிறோம்.

இரண்டாவது: ‘சுலக்ஷனா மூங்கிலை மெல்லியதாகப் பிளந்து—’

இதுவும் வேண்டாம். மூங்கிலுக்கு அவள் எங்கே போவாள்? அவளுக்குக் கிடைப்பது மிலாறு. (தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகள். அடுப்புக்குக் கட்டிச் சுமந்து வருவார்கள். ஒன்றுகூட நேராக இருக்காது.) ஆகவே தட்டியும் கோணலாகத்தான் வரும். எனக்கு அது பிடித்துப்போனது.

3

சுலக்ஷனாவுக்கு இருபத்தாறு வயது. கொழும்புப் பக்கம் ஆறு வருடம் கார்மென்ட்ஸில் தைத்தாள். போர்டிங் அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்து அலுத்துப்போய், தை மாதத்தில் ஒரு தையல் மெஷினோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி ஊரிலிருந்தே தைப்பது என்று எண்ணம்.

அண்ணன் நிரோஷனுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம்தான். அண்ணி தனுஷிகா கொழுந்து பறிக்கப் போகிறாள். வீட்டில் ஒரே காம்பரா, முன்னால் திறந்த தாழ்வாரமாக இஸ்தோப்பு, பின்னால் சமைக்கக் குசினி. தங்கை வந்த அன்றே நிரோஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனான்.

“உள்ள புழுக்கமா இருக்கு” என்றான்.

தை மாதத்து அக்கரப்பத்தனையில் புழுக்கம் என்று சொன்ன முதல் மனிதன் அவனாகத்தான் இருக்கும். சுலக்ஷனாவுக்குப் புரிந்தது. இந்த வீட்டுக்குள் இன்னோர் அறை உண்டாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் போக வேண்டும். சித்திரை வருசப் பிறப்பு லீவு முடிந்து ஆள் எடுக்கும்போது கூப்பிடுவதாகப் பழைய சூப்பர்வைசர் வேறு சொல்லியிருந்தார். சுவர் எழுப்பத் தோட்டத்தில் அனுமதி கேட்டால் பதில் வருவதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிடும்.

“ஒரு சேலைய கட்டி மறச்சிட்டா போச்சு” என்றான் நிரோஷன்.

“சேலை கட்டுனா வர்றவங்க போறவங்க வீட்டுல என்னமோ சண்டைன்னு பேசுவாங்கண்ணே. செடின்னா அழகுக்கு வச்சிருக்காங்கன்னு நெனப்பாங்க.”

அவள் இரண்டு பெயின்ட் வாளிகளில் கல்லும் மண்ணும் நிரப்பி, உடைந்த கட்டிலின் சட்டங்களை நட்டாள். குறுக்கே மிலாறு. ஆணி அடித்ததும் குச்சி பிளந்தது. அப்புறம் மெல்லிய கம்பியால் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். (ஹட்டனில் என் மாடி அறையில் நானும் கட்டிப் பார்த்தேன். ஏழு குச்சிகள் முறிந்தன. என் தட்டி இப்போது சட்டை காயப்போட உதவுகிறது.) இரண்டு வாளியிலும் நீண்ட மணி பிளாண்ட் தண்டுகளை நிறைய ஊன்றி, ஜன்னல் வெளிச்சம் படும்படி காம்பராவின் நடுவில் நிறுத்தினாள்.

குளிருக்கு அது வளருமா என்று நீங்கள் கேட்கலாம். அடுப்புச் சூடு எட்டும் வீட்டில் மெதுவாக வளரும். நான் விசாரித்துவிட்டேன்.

4

கொடி மூன்றாவது குச்சியைத் தொட்டது. மறுநாள் நுனியைக் காணோம். பக்கத்தில் இன்னொரு துளிர் கிளம்பியது. அதுவும் காணாமல் போனது. எலியா, புழுவா என்று இலை இலையாகத் திருப்பிப் பார்த்தாள். தைக்க வைத்திருந்த துணிகளுக்கிடையில் மட்டும் காய்ந்த துளிர்கள் கிடந்தன.

ஒரு சாயங்காலம், தேயிலை மலையிலிருந்து வந்த தனுஷிகா கால்கூடக் கழுவாமல் தட்டியருகே நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு அட்டைக் கடி தாங்கல புள்ள. சோறு வச்சிட்டியா?”

பேச்சு சோற்றில் இருந்தது. கை கொடியில் இருந்தது. இரண்டு விரல் நுனியைக் கிள்ளியது, தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தது. முதுகில் கொழுந்துக் கூடை இல்லை. துளிர் தையல் மெஷின்மேல் விழுந்தது.

5

முதல் வரைவில் தனுஷிகாவை வில்லியாக்கினேன். புதுப் பெண், நாத்தனாரை விரட்டச் செடியைக் கிள்ளுகிறாள். வேலை சுலபமாக முடிந்தது. பிறகு, முப்பது வருடம் கொழுந்து பறித்த ராசம்மா என்பவரிடம் கேட்டேன்.*

* “கை சும்மா இருக்காதுங்க. துளிரு கண்ணுல பட்டா போதும். கோயில் துளசியையே கிள்ளிப்புட்டு ஐயர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வரைவைக் கிழித்தேன். ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை. பழக்கம்தான் என்றால் நிரோஷன் தொட்டியில் நட்ட ரோஜாவை ஏன் அவள் கிள்ளவில்லை? (அந்த வரைவில் நட்டதாக எழுதியதே நான்தான். இருந்தாலும் ஏன்?)

ஆகவே சுலக்ஷனாவையே கேட்கவிட்டேன்.

“அண்ணி, நுனிய கிள்ளுறது நீங்கதான்.”

“நானா?” தனுஷிகா தன் விரல்களைப் பார்த்தாள். பச்சைக் கறையில் எது தேயிலை, எது கொடி என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நீ போயிட்டா நல்லாருக்குமேன்னு ரெண்டு மூணு தடவ நெனச்சிருக்கேன் புள்ள. அது உண்ம. ஆனா அத நெனச்சிக்கிட்டு கிள்ளல.”

“கைக்குத் தனியா மனசு இருக்கா அண்ணி?”

அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. அவளாகவே கேட்டாள்.

6

கிள்ளக் கிள்ளக் கொடி பக்கவாட்டில் கிளைத்தது. சித்திரை வந்தபோது இடுப்பளவுக்கு அடர்த்தியாக, கவ்வாத்துக்குப் பிறகு தழைத்த தேயிலை போல நின்றது. அதற்கு மேலே வெறும் மிலாறு.

முடிவு அ: படுத்திருப்பவர்களை மறைக்க இடுப்பளவு போதும். நிரோஷன் பாயோடு உள்ளே வருகிறான். சுபம். எனக்கே கைதட்டத் தோன்றியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. இலை இருமல் சத்தத்தை மறைக்குமா?

முடிவு ஆ: சுலக்ஷனா மெஷினை பஸ்ஸில் ஏற்றுகிறாள், தனுஷிகா அழுகிறாள்— அழவைத்துப் பார்த்துவிட்டு எழுதியதை அடித்துவிட்டேன். அழுதால் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். சுலக்ஷனாவோ மறுபடி எட்டுப் பேர் அறைக்குப் போகிறாள்.

7

மிச்சமிருப்பது இது. ஞாயிற்றுக்கிழமை காலை. சூப்பர்வைசர் போன் பண்ணிவிட்டார், மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நிரோஷன் கடைக்குப் போயிருக்கிறான். தட்டிக்கு அந்தப் பக்கம் சுலக்ஷனா, இந்தப் பக்கம் தனுஷிகா.

“அண்ணி, அண்ணன் இங்க இருந்தா ‘இரு’ன்னுதான் சொல்லும். அதனால ஒங்ககிட்ட கேக்குறேன். நான் இருக்கவா, போகவா?”

தனுஷிகாவின் பதிலை நான்கு தடவை எழுதினேன். நான்கு தடவையும் பெருந்தன்மையாகப் பேசினாள். நான்கும் பொய். மாடியில் தனியறை வைத்திருக்கும் நான் அவளுக்குப் பதில் எழுதுவது சரியில்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். கல்யாணமாகி ஐந்து மாதம், வீட்டில் ஒரே காம்பரா, புருஷன் இஸ்தோப்பில் குளிரில் கிடக்கிறான். நாத்தனார் நல்லவள். அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கொடி இடுப்பளவுதான் வந்திருக்கிறது, உங்கள் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.