தலையாட்டிய பிறகு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் நாற்பத்தைந்து மணி நேரம் இருந்தது. அந்தப் பத்து மணிக்கு என்ன செய்வதாகத் தான் ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அச்சகத்தின் சாப்பாட்டு அறையில் ஒரே மேசையைச் சுற்றி ஆறு பேர். அவளைத் தவிர ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் ஏதோ கேட்டார். எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினாள்.

மேசையே கைதட்டியது. மை கலக்கும் அக்கா தன் டப்பாவிலிருந்த இனிப்பை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். ஃபோர்மேனின் மீசைக்குக் கீழிருந்து ‘வெள்ளிக்கிழமை’ என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. பிறகு அவர் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளது இடது காதை முழுதாகவும் வலது காதில் பாதியையும் கொண்டுபோயிருந்தது. வலது காதில், கூந்தலுக்குள் மறைந்தபடி, ஒரு சின்னக் கருவி இருந்தது. அமைதியான அறையில் எதிரே ஒருவர் முகம் பார்த்துப் பேசினால் அவளுக்குக் குறையே கிடையாது. ஐந்து பேர் பேசினால் கருவி பேச்சோடு கரண்டிச் சத்தத்தையும் நாற்காலி இழுபடுவதையும் சேர்த்து அள்ளிக் கொட்டும். அதில் எது பேச்சு, எது கரண்டி என்று பிரிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்திருப்பார்.

வேலை நேரத்தில் அவளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நான்கு வண்ண அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கினால் எல்லாரும் காதுமூடியை மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் கைதான் பேசும். உள்ளங்கையால் காற்றை அமுக்கினால் வேகத்தைக் குறை. விரல் நுனிகளைத் தேய்த்தால் மை அதிகம். இல்லாத மீசையை முறுக்கினால் ஃபோர்மேன் வருகிறார். தாள் வந்து விழும் முனையில் நின்று, அவ்வப்போது ஒன்றை உருவி நிறம் பார்ப்பது அவள் வேலை. அங்கே யாருடைய கையசைவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை.

முந்தைய வேலையில் அவள் காதைப் பற்றி உண்மையைச் சொன்னாள். மருந்துக் கடையில். சொன்ன மறுவாரமே கவுன்ட்டரிலிருந்து தூக்கி, கிடங்கில் பெட்டி அடுக்கப் போட்டுவிட்டார்கள். அதனால் இங்கே மூச்சு விடவில்லை. இந்த இயந்திரத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

வியாழக்கிழமை முழுவதும் போட்டு வாங்கிப் பார்த்தாள். முதலில் மை அக்காவிடம், அலமாரி ஓரத்தில் அவள் தனியாக இருந்தபோது.

“அக்கா, நாளைக்கு என்ன உடுத்திக்கிட்டு வரட்டும்?”

“எதை உடுத்தினா என்ன? தொண்டையை மட்டும் பத்திரமா வச்சுக்க. குரல் கடைசி ஆள் வரைக்கும் போகணும்.”

அடுத்து, தாள் வெட்டும் அண்ணன்.

“அண்ணே, நாளைக்கு ஒத்தாசைக்குப் பக்கத்துல நிப்பீங்களா?”

“ஐயோ ஆளை விடும்மா! போன வருஷம் நான்தான் மாட்டினேன். முப்பது பேரு. புதுச் சட்டையில நீல மையைத் தடவிட்டுச் சிரிக்குதுங்க. வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டது நான்.”

சாயங்காலம் அதை அப்படியே தங்கையிடம் சொன்னாள். வீட்டில் அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்று பேசப் பழகியவள் தங்கைதான்.

“குரல், முப்பது பேர், நீல மை,” என்று தங்கை விரல் விட்டு எண்ணினாள். “நீ பாடப் போற. பாட்டு பிடிக்கலன்னா மையை வீசுவாங்க.”

“விளையாடாதடி.”

“பின்ன என்ன? தலையாட்டி பொம்மை மாதிரி ஆட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நேராக் கேட்டுத் தொலையேன்.”

“கேட்டா, ‘நேத்து நீதானே சரின்னே’ன்னு சொல்வாங்க.”

“ஆமா, விளங்கல, அதான் சரின்னேன்னு சொல்லு.”

“சொல்லிட்டு? மறுபடி பெட்டி அடுக்கவா?”

தங்கை அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, உலர்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அச்சக வாசலில் ஒரு பள்ளிப் பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு டீச்சர்.

“வாங்க, வாங்க! இந்த அக்காதான் உங்களுக்கு எல்லாத்தையும் சுத்திக் காட்டி விளக்கப் போறாங்க,” என்றார் ஃபோர்மேன். பிறகு அவள் பக்கம் குனிந்து, “நீ பேசறது கேக்கணுமேன்னு மெஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டேன்,” என்றார், பெரிய உபகாரம் செய்தவர் போல.

இயந்திரம் நின்ற கூடத்தில் முப்பது குரல்கள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பின. அவள் பேசும்வரை பழுதில்லை. தாள் எங்கே உள்ளே போகிறது, நிறங்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன என்று சொன்னாள். அப்புறம் கேள்விகள் கிளம்பின. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, முழங்கைக்குக் கீழிருந்து. அவள் ஒவ்வொரு பக்கமும் திரும்பிச் சிரித்தாள். ஒருத்திக்குத் தலையாட்டினாள். இன்னொருவனுக்கும் ஆட்டினாள். வெட்டும் இயந்திரத்தின் அருகே, ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி அண்ணாந்து என்னவோ கேட்டாள். அவளுக்கும் ஆட்டினாள்.

ரெட்டைச் சடை திரும்பி, கத்திக்குக் கீழே இருந்த தாள் அடுக்கை நோக்கி நேராகக் கையை நீட்டியது.

வெட்டும் அண்ணன் எங்கிருந்து பாய்ந்தாரோ, அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துவிட்டார். இயந்திரத்தில் மின்சாரம் இல்லை. ஆனாலும் அந்தக் கத்தி சும்மா தொட்டாலே விரலைப் பிளக்கும்.

“யாரு பாப்பா உன்னைத் தொடச் சொன்னது?”

“அந்த அக்காதான். தொடலாமான்னு கேட்டேன். தலையாட்டினாங்க.”

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். டீச்சர் பார்த்தாள். ஃபோர்மேனின் மீசை அசையாமல் நின்றது. இந்தக் குழந்தை சொன்னது அவளுக்கு முழுதாக விளங்கியது, ஏனென்றால் அந்த நொடியில் கூடத்தில் வேறு யாருமே பேசவில்லை.

மேசையில் தலையாட்டினால் அவமானம் அவளோடு போய்விடும். இங்கே போகப் பார்த்தது ஒரு பிள்ளையின் விரல்.

“சார், மெஷினை ஓட விடுங்க,” என்றாள்.

“என்னம்மா, அப்புறம் நீ பேசறது…”

“ஓட விடுங்க சார். எல்லாருக்கும் காதுமூடி குடுங்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, ஃபோர்மேன் மறுபேச்சு பேசவில்லை. விருந்தினருக்கென்று வைத்திருந்த பெட்டி திறந்தது. டீச்சர் முதல் கடைசிக் குட்டி வரை காதுமூடி ஏறியது. இயந்திரம் உறுமத் தொடங்கியதும் முப்பது வாய்களில் இருபத்தெட்டு ஓய்ந்தன. ஓயாத இரண்டும் தாம் பேசுவது தமக்கே கேட்காமல் விழித்தன.

அவள் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றாள். உள்ளங்கையால் காற்றை அமுக்கினாள். இயந்திரத்தின் தலைமாட்டில் நின்றவர் வேகத்தைக் குறைத்தார். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். பிறகு முப்பது கைகள் காற்றை அமுக்கின, அவரும் சளைக்காமல் குறைத்துக் கூட்டி விளையாட்டுக் காட்டினார். மை, தாள், நிறுத்து, ஓட்டு. மீசை முறுக்கியபோது ஃபோர்மேன் திரும்பிப் பார்த்தார். முப்பது பேரும் அவரைப் பார்த்து மீசை முறுக்கினார்கள். இத்தனை காலமும் அந்தச் சைகை தனக்காகத்தான் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது. மை அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அரை மணி கழித்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். பிள்ளைகள் காதுமூடியைக் கழற்றினார்கள். சத்தம் கிளம்புவதற்குள் அவள் கையை உயர்த்தினாள்.

“இப்போ கேள்வி. ஒரு நேரத்துல ஒருத்தர்தான். கையைத் தூக்கணும். நான் காட்டினா எனக்கு நேரா முன்னால வந்து நின்னு, என் முகத்தைப் பார்த்துக் கேக்கணும்.”

வந்தார்கள். மை ஏன் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்வதில்லை என்று ஒருவன். தப்பாக அச்சடித்த தாளை என்ன செய்வீர்கள் என்று ஒருத்தி. ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு முதல் தடவையிலேயே வந்து சேர்ந்தது. முப்பது பேர் நடுவில், ஒன்றைக்கூட ஊகிக்காமல் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தின் மறுகோடியிலிருந்து ஃபோர்மேன் கைகாட்டினார்: நன்றாக வருகிறது, நிறுத்தாதே.

கடைசியாக ரெட்டைச் சடைக்காரி வந்தாள். அவள் கேள்வி அச்சைப் பற்றியது அல்ல.

“நாங்க இருந்த எடத்துலேர்ந்தே கேட்டா என்ன அக்கா? எதுக்கு முன்னால வந்து நிக்கணும்?”

பின்னால் சாப்பாட்டு மேசைக்காரர்கள் எல்லாருமே இருந்தார்கள். மை அக்கா, வெட்டும் அண்ணன், ஃபோர்மேன். அவள் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். கேட்டவள் குழந்தைதான்; ஆனால் பதில் சொன்னவளின் குரல் கடைசி ஆள் வரைக்கும் போனது.

“ஏன்னா எனக்கு ஒரு காது சுத்தமா கேக்காது பாப்பா. இன்னொண்ணு பாதிதான். எல்லாரும் சேர்ந்து பேசினா எனக்கு ஒண்ணுமே புரியாது.”