சுத்தமான மருமகள்

நோஆகா கம்பங்களித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். அவன் மனைவி சிப்து வெண்டைக்காய்க் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருசமா மரக்கட்டையோட குடும்பம் நடத்துறான் எம் புள்ள. அவனும் மனுசன்தானே?" என்றாள் மாமியார் திப்போகோ.

சிப்துவைப் பெண் பார்க்க வந்த அன்று, "சின்னதுல கீழ வெட்டியாச்சுல்ல? சுத்தமான பொண்ணுதான் வேணும்" என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டவளும் அவள்தான்.

தனக்கு மட்டும் ஏன் உணர்ச்சி இல்லை என்று கேட்க, மறுநாள் சிப்து சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் தலாத்தோ கதவைச் சாத்திவிட்டு, பெண்ணுறுப்பைப் போலத் துணியில் தைத்த ஒரு மாதிரியை மேசையில் வைத்தாள்.

"மேல மொட்டு மாதிரி இருக்கே, இது என்னக்கா? எனக்கு இல்லியே."

"உனக்கும் இருந்துச்சு. அதத்தான் வெட்டிட்டாங்க."

"புள்ள பெக்குறதுக்கா அது?"

"இல்ல."

"ஒண்ணுக்குப் போறதுக்கா?"

"இல்ல. பொம்பளைக்குச் சுகம் தர்றதுக்கு. வேற ஒரு வேலையும் கிடையாது அதுக்கு."

சிப்து அந்தத் துணி மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வெளிய தெரியிறது நுனிதான்" என்றாள் தலாத்தோ. "மிச்சம் உள்ள இருக்கு. அவசரப்படாம, உன்னக் கேட்டுக் கேட்டு நடந்துக்கிட்டா உணர்ச்சி வரும். நெறைய பேருக்கு வந்திருக்கு. உம் புருசனையும் கூட்டிட்டு வா."

வீட்டில் திப்போகோ அதற்குள் பெண் பார்த்திருந்தாள். "தெற்கத்திப் பொண்ணு. அவங்க பக்கம் வெட்டுறதில்லையாம். நல்லா உணர்ச்சியுள்ள பொண்ணு." அதே மூச்சில், "அறுவடை முடிஞ்சதும் உம் மகளுக்கு வெட்டிடணும். வெட்டுற கிழவிகிட்டச் சொல்லிட்டேன், போலீசுக்குத் தெரியாம வருவா" என்றாள். சிப்துவின் மகளுக்கு ஆறு வயது.

"வெட்டினா சுத்தம், அப்புறம் மரக்கட்டை. எதுதான் வேணும் அத்தை உங்களுக்கு?" என்று கேட்ட சிப்து, நர்ஸ் சொன்னதை ஒன்றுவிடாமல் மாமியாருக்கும் நோஆகாவுக்கும் சொன்னாள். "கிழவி வந்தா போலீசும் வரும். நானே போய்க் கூட்டிட்டு வருவேன்."

நோஆகா தரையைப் பார்த்தான். "அந்த நர்ஸம்மா எந்தெந்தக் கிழமை இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போனான்.

அவன் போகும்வரை திப்போகோ காத்திருந்தாள்.

"அது... எனக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை."

"ஒம்பது பெத்தேன்" என்றாள் திப்போகோ. "ஒருத்தரும் சொல்லலியே."