உட்காராதவள் தேர்ந்தெடுத்த சோபா

சோபாக் கடையில் விற்பனைக்கு நின்ற பெண்ணின் உடம்பு, அவள் வேலைக்குச் சேர்ந்த பதினோராம் வருடம், கடை விடுமுறையான ஒரு வியாழக்கிழமை மதியம், உட்காருவதையும் படுப்பதையும் நிறுத்திக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று கட்டிலில் சாய்ந்தவள், எண்ணிப் பத்து வருவதற்குள், குதிகால் தரையில் ஊன்ற, முதுகு வளையாமல், கதவு திறப்பதுபோல எழுந்து நின்றுவிட்டாள். மறுபடி படுத்தாள், மறுபடி நின்றாள். கணவன் அவள் தோளையும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் அவள் காலையும் அமுக்கிப் பிடித்தபோது கட்டிலே ஒரு முழம் தூக்கிக்கொண்டது. நாற்காலியும் அப்படித்தான், வாசற்படியும் அப்படித்தான். டாக்டர் நாடி பார்த்தார், முட்டியைத் தட்டினார், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைத்தெருவில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். சோறுகூடக் கிடங்கில் நின்றுகொண்டேதான். பதினோரு வருடம் சொல்லிச் சொல்லி உடம்புக்கு ஒருநாள் புரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள்.

கணவன் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். கொட்டகையை மூடிய பிறகு வேறு எதையும் கிழிக்க அவனுக்கு மனம் வரவில்லை, வீட்டில் இருந்தான். மனைவி படுக்க மாட்டாள் என்று உறுதியானதும் முதலில் ஒரு வாரம் வருத்தப்பட்டான். அடுத்த வாரம் கட்டிலின் நடுவில் காலை அகட்டிப் படுத்தான். அவள் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நின்று, நெற்றியைப் பீரோவின் பக்கவாட்டில் வைத்துத் தூங்கப் பழகினாள். அது தூக்கம் அல்ல. கோழி கண்ணை மூடித் திறப்பதுபோல ஒன்று. நாளடைவில் நெற்றி பட்ட இடத்தில் பீரோவின் சாயம் தேய்ந்து தகரம் தெரிந்தது.

முதலாளிக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் ஆயிற்று. அவளைக் கடை வாசலிலேயே நிறுத்தி, பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்: "உட்காராதவர் சொல்கிறார், எங்கள் சோபாவில் உட்காருங்கள்." ஜனங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி பிடித்து வந்தார்கள். சிலர் அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கல்யாண வீட்டார், சோபாவோடு அவளையும் ஒருநாள் வாடகைக்குக் கேட்டார்கள். முதலாளி மறுத்துவிட்டார், அந்த அளவுக்கு அவர் நல்லவர். இரண்டே வருடத்தில் கடைக்கு மாடி எழும்பியது.

நின்றுகொண்டே அவள் சோபாக்களைக் கற்றாள். பஞ்சு எவ்வளவு கெட்டி என்பது அவளுக்கு உள்ளங்கையில் தெரியும்: அமுக்கிய குழி உடனே எழுந்தால் நல்லது, யோசித்து எழுந்தால் ஒரு வருடம், எழாவிட்டால் வாங்கியவன் தலையெழுத்து. முன்கால் ஒன்றை ஒரு சாண் தூக்கிப் பார்ப்பாள். அடுத்த காலும் கூடவே எழும்பினால் மரச்சட்டம் உறுதி, தரையிலேயே தங்கினால் அது இரண்டாம் மழைக்காலத்தில் கோணிக்கொள்ளும். அடித்துணியை விலக்கி, மரத்தை ஆணியால் அடித்திருக்கிறார்களா, திருகாணி போட்டு முறுக்கியிருக்கிறார்களா என்று டார்ச் அடிப்பாள். பளபளவென்று இருந்தால் அவளுக்குச் சந்தேகம் வரும். "ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனும்" என்று வாடிக்கையாளர் காதோடு சொல்லி, விலை குறைந்த நல்ல சரக்கின் பக்கம் திருப்பிவிடுவாள். முதலாளிக்கு அது தெரியாது.

இப்படி நிற்கும்போதுதான் அவளுக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. கட்டில் திடீரென்று வருகிறது. அதனால் உடம்பு விழித்துக்கொள்கிறது. உடம்புக்குத் தெரியாமல், மயிரிழை மயிரிழையாக இறக்கினால்? முட்டி தேய்ந்தவர்களுக்கென்று ஒரு சாய்வு சோபா வரும். பொத்தானை மேலே அழுத்தினால் ஆசனமே எழும்பி ஆளை நிற்க வைத்துவிடும். கீழே அழுத்தினால் நிற்கிறவரை ஏந்தி வாங்கி, உட்கார வைத்து, அப்படியே கால் நீட்டிப் படுக்கவும் வைக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் மோட்டார் முனகும், பாதி வழியில் ஒரு குலுக்கு குலுக்கும். குலுக்கினால் உடம்பு கண்டுபிடித்துவிடும். குலுக்காத ஒன்றுக்காக அவள் ஏழு வருடம் காத்திருந்தாள். வந்து இறங்கிய ஒவ்வொன்றின் விலாவிலும் காதை வைத்துக் கேட்டாள். ஆசனத்தில் தண்ணீர்க் குவளையை நிறுத்தி ஓட்டிப் பார்த்தாள். உட்கார்ந்து பார்க்க மட்டும் முடியவில்லை. தலைக்கு மேல் கேமரா இருந்தது, சட்டம் சட்டம்தானே.

கடைக்கு வெள்ளிவிழா வந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் முதலாளி மைக்கைப் பிடித்து, இந்தம்மா இஷ்டப்பட்ட சோபாவை எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று அறிவித்தார். கணவன் அன்றே கடைக்கு வந்து, தம்ளர் வைக்கக் குழியும் தலைமாட்டில் விளக்கும் உள்ள சிவப்புத் தோல் சோபாவின் மேல் கையை வைத்தான். அவள் தவிட்டு நிறத்தில், மூலையில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றைக் காட்டினாள். குவளைத் தண்ணீரில் சுழி விழாத ஒரே சோபா அதுதான். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வாசற்கதவில் நுழையாமல், ஜன்னல் கம்பியைக் கழற்றி அதை வீட்டுக்குள் இறக்கினார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவன்தான் முதலில் உட்கார்ந்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவன் அவன். நான்கு மாதம் அதில்தான் சாப்பிட்டான், அதில்தான் தூங்கினான்.

அவள் ஒருமுறைதான் கேட்டாள்.

"ஏங்க, ஒரு வாரம் எனக்கு விட்டுக் கொடுங்களேன்."

"நீதான் நின்னே பழகிட்டியே," என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

அவனுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்ததால்தான் வழி பிறந்தது. ஒன்பது நாள் பயணம். தெருமுனைவரை அவன் போனதைப் பார்த்துவிட்டு அவள் பத்தொன்பது வருடத்தில் முதன்முதலாக விடுப்புக் கேட்டாள். முதலாளி, ஒன்பது நாள்தானே என்று மூன்று முறை கேட்டுவிட்டுக் கொடுத்தார். இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகளும் லீவு போட்டாள். ஆசனத்தை முழுக்க எழுப்பி, நின்றபடியே அம்மாவை அதன்மேல் சாய்த்தாள். பிறகு கீழ்ப்பொத்தானில் மணிக்கு ஒரு தொடுதல், அதற்கு மேல் இல்லை. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் முட்டி மடங்கியது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல், உடம்பின் காதில் விழுந்துவிடுமோ என்று வேறு எதையோ பேசினார்கள். ஐந்தாம் நாள் அவள் உட்கார்ந்திருந்தாள். மடி என்று ஒன்று தனக்கு இருப்பதைக் குனிந்து பார்த்து, அதில் கையை வைத்துக்கொண்டாள். மகள் வந்து அந்த மடியில் தலையை வைத்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஏழாம் நாள் கூரை கண்ணில் பட்டது. எட்டு வருடமாக நேராகப் பார்க்காத கூரை. மூலையில் ஒரு நீர்க்கறை.

"மெதுவாடி, மெதுவா," என்றாள்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சோபா மட்டமானது. மகள் பத்துவரை எண்ணினாள், நூறுவரை எண்ணினாள். அம்மா வாயைக் கொஞ்சம் திறந்து, குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மகள் பால் வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் வந்தான். பயணக் களைப்பு, அடுப்பில் ஒன்றும் இல்லை, வாசலில் முதலாளி அனுப்பிய ஆள் வேறு, கடைக்கு வந்த கூட்டம் வெறும் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறது என்று சொல்லிக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே தன்னுடைய சோபாவில் மனைவி கிடந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டான். பிறகு பொத்தானை மேல்நோக்கி அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டான். நல்ல சோபா, குலுக்கவில்லை, முனகவில்லை. முப்பது எண்ணுவதற்குள் அவளைக் கொண்டுவந்து தரையில் நிறுத்தியது. அவள் நின்றாள். கண் திறக்கவில்லை. பால் பாத்திரத்தோடு வந்த மகள் அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள், திரும்ப ஆசனத்தில் சாய்த்து மயிரிழையாக இறக்கினாள். இந்த முறை சோபாவும் அவளோடு சேர்ந்து நிமிர்ந்தது.

"எட்டு வருஷத்துல நேத்துத்தாம்ப்பா அம்மா தூங்கினா," என்றாள் மகள்.

"தூங்கட்டும். யாரு வேணாம்னா? நின்னுக்கிட்டே தூங்கட்டும்."

அவள் பிறகு விழிக்கவே இல்லை. டாக்டர் வந்து, நல்ல ஆழ்ந்த தூக்கம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். கையைப் பிடித்து நடத்தினால் நடந்தாள், ஊட்டினால் விழுங்கினாள். அடுத்த திங்கட்கிழமை கணவன் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தூங்குகிறவளுக்கு அரைச் சம்பளம்தான் என்று முதலாளி சொல்ல, நிற்பதற்குத்தானே சம்பளம், நிற்கிறாளே என்று அவன் வாதாடினான். முக்கால் சம்பளத்தில் முடிந்தது. பலகையை மாற்றி எழுதினார்கள். இவ்வளவு நிம்மதியாக ஒருத்தி தூங்குகிறாள் என்றால் அந்தக் கடைச் சரக்கை நம்பலாம் என்று ஜனங்கள் முன்னைவிட அதிகம் வந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் எழுப்பாமல், குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மகள் ஆறு மாதம் தினமும் மாலையில் வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். பிறகு கடிதமும் நின்றது. கணவன் தவிட்டு நிறச் சோபாவை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துச் சிவப்பை வாங்கிக்கொண்டான். அது இரண்டாம் மழையில் கோணிக்கொண்டது. கோணலுக்கும் அவன் பழகிவிட்டான். முதலாளி காலமானார், மகன் வந்தான், இரண்டாம் மாடி எழும்பியது. அவள் தலை முழுக்க நரைத்தது. பழைய வாடிக்கையாளர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். பிள்ளைகள் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சோபாக்களின் மேல் குதிக்க ஓடிவிடுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் கடைப்பெண்கள் சோபாக்களின் தூசி துடைக்கும்போது அவளையும் துடைத்துவிடுகிறார்கள். முகத்துக்கு மட்டும் தனித் துணி.