ஓட்டு கொடி

வள்ளியம்மாவுக்குக் கன்னடம் தெரியும் என்பதில் ஈஜிபுராவில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. வந்தால் அவளே தீர்த்துவைப்பாள். ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலில் அவள் புருஷன் கோவிந்தப்பா சுயேச்சையாக நின்றபோது அந்தக் கன்னடத்துக்கு நல்ல வேலை கிடைத்தது. பெங்களூரை ஒட்டிய கிராமங்கள் சேர்ந்த தொகுதி அது. தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், "கோவிந்தப்பாகே ஓட்டு கொடி!" என்று முழங்கினாள். கன்னடத்தில் கொடி என்றால் கொடுங்கள். கல்லுக்குழியில் பாறை உடைக்கிற தமிழ் ஜனங்களிடமும் அதே முழக்கம்தான். அங்கேயாவது தமிழுக்கு இறங்கிவர மகராசிக்கு மனசு வரவில்லை.

கல்லுக்குழி ஓட்டு கிடைத்தால் கோவிந்தப்பா ஜெயிப்பார், இல்லையென்றால் கிடையாது. அவரும் அங்கே கல் உடைத்தவர்தான். குடிதண்ணீருக்குக் குழிக் குத்தகைதாரர் வீட்டுக் கிணற்றில் கெஞ்சி நிற்கிற அந்த ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு கிணறு கேட்டு வாங்கத்தான் நின்றார். எதிர் வேட்பாளர் அந்தக் குத்தகைதாரரேதான். சின்னம் போட்ட நோட்டீஸ் ஒன்றைக்கூட அவருடைய ஆட்கள் குழியில் விட்டுவைக்கவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூடத்து அறையில் கோவிந்தப்பாவின் ஏஜென்ட்டாக வள்ளியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கல்லுக்குழியே திரண்டு நின்றது. பார்க்கப் பார்க்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழியிலேயே பெரிய வாய்க்காரியான லட்சுமம்மா முதல் ஆளாகச் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். அங்கே வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் அவரவர் சின்னம். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

போனவள் வரவில்லை. குரல்தான் வந்தது.

"எங்கய்யா கொடி? சைக்கிள் இருக்குது, தராசு இருக்குது, கொடை இருக்குது. கொடியக் காணமே!"

வள்ளியம்மாவுக்குத் திக்கென்றது. கோவிந்தப்பாவின் சின்னம் குடை. தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் கொடி, கொடி! தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

லட்சுமம்மா சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "கொடிப் பொட்டி வர்ற வரைக்கும் என் ஓட்ட யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"நாங்களும்தான்!" என்றது வரிசை. குத்தகைதாரரின் ஏஜென்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனைப் பார்க்கவே வள்ளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துள்ளி எழுந்தாள்.

"உக்காரும்மா!" அதிகாரி சேஷகிரி அதட்டினார். "ஏஜென்ட் ஓட்டர்கிட்ட பேசப்படாது. சின்னத்தைச் சொன்னே, வெளியே அனுப்பிடுவேன்."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், சொல்ல முடியவில்லை. சட்டென்று வாசல் சுவர் கண்ணில் பட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல சார். வாசல்ல ஒட்டியிருக்குதே வேட்பாளர் பட்டியல், அத நீங்களே எல்லார்க்கும் கேக்கறாப்பல படிங்க. முழுசும் படிங்க. தமிழ்ல படிங்க."

"அதெல்லாம் கூடாது!" ஏஜென்ட்டின் சிரிப்பு நின்றுபோனது.

சேஷகிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஜனங்க தெரிஞ்சுக்கத்தானேய்யா ஒட்டியிருக்கு?" என்று கடைசியில் எழுந்து வாசலுக்குப் போய்ப் படித்தார். குத்தகைதாரர், சைக்கிள். அடுத்தவர், தராசு.

"கோவிந்தப்பா, குடை."

"அடிப்பாவி வள்ளி! கொடையா? கொடின்னுல்ல கத்துன!" லட்சுமம்மா தலையில் அடித்துக்கொண்டு திரைக்குள் ஓடினாள். வரிசை கொல்லென்று சிரித்தது. அதற்கப்புறம் ஒருவரும் திரைக்குப் பின்னால் தயங்கவில்லை. வெயில் ஏற ஏற வரிசை ஓடியது.

பெங்களூரில் ஓட்டு எண்ணி முடித்து, கோவிந்தப்பா ஜெயித்தார் என்று அறிவித்ததும், தப்பட்டைச் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. வள்ளியம்மா சிரித்தாள், அழுதாள், பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கட்டிக்கொண்டாள். கோவிந்தப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். லட்சுமம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"எறக்குங்கடா அவர!"

இறக்கினார்கள். தப்பட்டை நின்றது. மாலையை நேராக்கி விட்டு, அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"யப்பா, உன்னத் தூக்கி ஆடத் தெரிஞ்ச நாங்க எறக்கவும் செய்வோம். மொதல்ல கெணறு கேளு."