ஒன்றரை மணி நேரத் தூக்கம்

விடியற்காலை ஐந்து மணி. நாலாம் வார்டின் தனியறையில் டெலித் முட்டிபோட்டுக் கட்டிலின் அடிச்சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் அங்கே கிடந்த கிழவரை முந்தின இரவுதான் வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். தொற்று வயிற்றுப்போக்கு. சக்கரத்தின் இடுக்கு, கம்பியின் வளைவு, சுவரோரம் என்று மனிதக் கை எட்டாத இடத்திலெல்லாம் அது காய்ந்து ஒட்டியிருந்தது. குளோரின் மாத்திரை கரைத்த வாளியில் துணியை முக்கி, பிழிந்து, ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த துணியை எடுக்க வேண்டும். கண் எரிந்தது. தொண்டையில் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பது போலிருந்தது. பிளாஸ்டிக் மேலங்கிக்குள் வியர்வை முதுகு வழியாக இறங்கி இடுப்புப் பட்டையில் தேங்கியது.

இது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருத்தி கட்டிலைச் சாய்த்துப் பிடிக்க, மற்றவள் அடியில் நுழைய வேண்டும். பதினோரு வருடமாக டெலித்துக்கு நெஸ்டாதான் ஜோடி. இப்போது மூன்று வாரமாக நெஸ்டா தாழ்வாரத்தின் மறுகோடிக்கு வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். எதிரே வந்தால் தன் வாளியைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறாள். குழுவில் மற்றப் பன்னிரண்டு பேரும் அவ்வளவு மோசமில்லை. ஒரு வணக்கம் சொல்வார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும்.

அதற்கான காரணம் லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறப் பலகை, மூலையில் சிரிக்கிற பூ. 'நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம்' என்று உள்ளூர் மொழியான வெல்ஷில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. இரண்டு மொழியிலும் ஒரே பொய். அதன் கீழே: 'அதிகாலைத் துப்புரவுக் குழுவினர் தாமதமாக வேலை தொடங்கக் கேட்டார்கள். இப்போது அவர்களுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதல் தூக்கம்! யோசனை தந்த டெலித் பியூவுக்கு நன்றி.' அந்தப் பலகையைத் தினமும் துடைப்பதும் டெலித்தின் வேலைப் பட்டியலில் இருந்தது.

கேட்டது உண்மைதான். அதை அவள் யாரிடமும் மறுக்கவில்லை.

ஜனவரி வரை அவர்களுடைய ஷிஃப்ட் மூன்று மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். அறுவை அரங்குகளும் அவசரப் பிரிவும் பகல் கூட்டம் வருமுன் பளிச்சென்று இருந்தாக வேண்டும். அந்நேரத்துக்குப் பள்ளத்தாக்கில் பேருந்து கிடையாது. முடிந்தவர்கள் நாலு பேராகச் சேர்ந்து டாக்சி பிடிப்பார்கள். முடியாதவர்கள் மேட்டுத் தெருக்களிலிருந்து இருட்டில் நடந்து இறங்குவார்கள். பனி இறுகிக் கிடந்த ஒரு நாள், தேவாலயத்து வளைவில் ஒல்வென் வழுக்கி விழுந்தாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. மணிக்கட்டு முறிந்து, ரொட்டி வண்டிக்காரன் கண்ணில் படும்வரை முக்கால் மணி நேரம் அந்தக் குளிரிலேயே கிடந்தாள்.

மறுநாள் டெலித் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். முதல் பேருந்து நாலு மணிக்கு வருகிறது, ஆகவே வேலையை நாலரைக்குத் தொடங்க விடுங்கள் என்று. பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒல்வென் இடது கையால் கிறுக்கினாள். உன்னை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி நெஸ்டா டெலித்தின் கன்னத்தைக் கிள்ளினாள்.

மேலாளர் ஹ்யூ ப்ராசர் மூன்றே நாளில் சம்மதித்துவிட்டார். கையுறை பெரிதாக இருக்கிறது, சின்ன அளவில் வாங்கித் தாருங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டும் கிடைக்காதவர்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாலரைக்குப் போனால் போதும் என்ற சந்தோஷத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். அடுத்த சம்பளச் சீட்டு வந்தபோதுதான் விழிப்பு வந்தது. ஆளுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் கூலிக்கு மேல் காணோம்.

விஷயத்தைப் புரியவைத்தவன் கெதின். நோயாளிகளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோகிற ஊழியன், தொழிற்சங்கக் கிளைக்கும் அவன்தான் செயலாளர். லிஃப்ட் வருவதற்குள் காலிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு டெலித்துக்குப் பாடம் எடுத்தான்.

"ஷிஃப்டுல பாதிக்கு மேல காலை ஏழு மணிக்கு முன்னாடி விழுந்தா, முழு ஷிஃப்டுக்கும் அகால நேரப் படி உண்டு. மூணுலேர்ந்து ஒன்பதுன்னா நாலு மணி நேரம் ஏழுக்கு முன்னாடி. ஆறு மணி நேரத்துக்கும் கிடைச்சுது. இப்ப நாலரைலேர்ந்து பத்தரை. ஏழுக்கு முன்னாடி ரெண்டரைதான், பாதி வரல. பாதி வரலன்னா ராத்திரிக் கணக்கு ஆறு மணியோட முடியும்னு இன்னொரு விதி, அதனால ஆறு வரைக்கும் இருக்கற ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் படி. மத்ததெல்லாம் வெறும் கூலி. ஆஸ்பத்திரி வேன் ஒண்ண மலையேத்தி இறக்கியிருந்தா ஒல்வென் விழுந்தே இருக்க மாட்டா. ஆனா வேன்னா செலவு. உன் மனுன்னா லாபம்."

அதோடு முடியவில்லை. பத்தரை என்பது நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் நேரம். கட்டில் காலியாகக் காலியாக 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று பதினொன்றரை வரை பிடித்து வைத்தார்கள். அந்த ஒரு மணிக்கு மிகைநேர வீதம் உண்டா என்றால், அதுவும் கிடையாது. வாரத்துக்கு முப்பத்தேழரை மணியைத் தாண்டினால்தான் அந்த வீதம். இவர்களெல்லாம் முப்பது மணிக்காரிகள். முப்பத்தேழு வரை சாதாரணக் கூலிக்குப் பிழிந்துவிட்டு அங்கே நிறுத்திக்கொள்ள ப்ராசரின் அலுவலகத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கேட்டதும் டெலித்துக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இருபது வருடமாக ஊராரின் மலத்தையும் வாந்தியையும் அள்ளுகிறாள், அதில் அவளுக்கு அருவருப்பில்லை. நோயாளி வேண்டுமென்றே செய்வதில்லை. ஆனால் ஒரு கிழவியின் முறிந்த கையைப் பார்த்து, இதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று யோசித்த மூளை இருக்கிறதே, அதை நினைத்தாலே குமட்டியது. அந்த வேலைக்குத் தன் கையெழுத்தையே துணியாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அதைவிடக் குமட்டியது.

நாலாம் வார்டின் தனியறையைத் துடைத்த அன்று காலை எட்டரைக்கு, வழக்கமாக ஒன்பதரைக்கு முன் தலைகாட்டாத ப்ராசர், கையில் காப்பிக் கோப்பையோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தார். டெலித் மேலங்கியைக் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு அடி தள்ளியே நின்றார்.

"டெலித், உங்களைத்தான் தேடறேன். மிஸ்டர் எல்லாம் வேணாம்னு எத்தனை தடவை சொல்றது, ஹ்யூன்னே கூப்பிடுங்க. நல்ல சேதி. நம்ம பலகை பணியாளர் நலன் விருதுக்குத் தேர்வாயிருக்கு. பத்தரைக்கு என் ரூம்ல படம் எடுக்க ஆள் வருது. நீங்களும் ஒல்வெனும் வந்தா போதும். அவங்க கையில பட்டை போட்டிருப்பாங்கல்ல, அதோட வரச் சொல்லுங்க. படத்துல நல்லா எடுபடும்."

கிளம்பப் போனவர் திரும்பி, மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது, எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை, சனி ஞாயிறு கிடையாது, விண்ணப்பம் போட்டு வையுங்கள் என்றார். டெலித் தலையாட்டினாள். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் அவள் மனம் அந்த மேசையில் போய் உட்கார்ந்து பார்க்கத்தான் செய்தது. நாற்காலி, ஜன்னல், வெளிச்சத்தில் எழுந்து வெளிச்சத்தில் வீடு திரும்புகிற வாழ்க்கை. அடுத்த நிமிடம் தன்னை நினைத்தே அவளுக்குக் கூசியது.

கெதினைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். வேலை நேரத்தை இப்படி மாற்றுவதென்றால் சங்கத்தை அழைத்துப் பேசியிருக்க வேண்டும், ஊழியர்களே கேட்டார்கள் என்று சொல்லித்தான் அதைத் தாண்டிவிட்டார்கள், தகராறு எழுப்ப இன்னும் வழி இருக்கிறது என்றான் அவன். "ஆனா அந்தப் படத்துல நீ சிரிச்சுட்டேன்னா அவ்வளவுதான். நாளைக்கு நான் எங்க போய் வாதாடினாலும் அந்தப் படத்தைத் தூக்கி என் மூஞ்சியில காட்டுவாங்க. பதினாலு பேரும் சேர்ந்து வந்தாத்தான் உண்டு. உன்னால கூப்பிட முடியுமா?"



ஒன்பது மணிக்குத் தேநீர் இடைவேளை. துணி அறைக்குப் பின்னாலிருக்கும் அந்தச் சின்ன அறையில் பதினாலு பேரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. டெலித் உட்காரவில்லை. கதவில் முதுகை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். விருதைச் சொன்னாள், படத்தைச் சொன்னாள், ஒல்வெனின் கைப்பட்டையைச் சொன்னாள். தனக்குக் காட்டப்பட்ட மேற்பார்வையாளர் நாற்காலியையும் மறைக்காமல் சொன்னாள்.

"போய்ச் சிரி. உனக்கென்ன வந்துது" என்றாள் ரியான். குழுவிலேயே இளையவள், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். படி போனதிலிருந்து ஞாயிறும் வேலைக்கு வருகிறாள்.

 நான்தான் எழுதினேன், விதி தெரியாமல் எழுதினேன், அதற்காக நீங்கள் என்னோடு பேசாமல் இருப்பது சரிதான் என்றாள் டெலித். ஆனால் பத்தரைக்கு அந்த அறையில் தான் தனியாக நின்றால் அவர்களுடைய பொய் உண்மையாகிவிடும் என்றாள்.  

ஒல்வென் தன் மணிக்கட்டைத் தூக்கி, ஏதோ அடுத்தவர் பொருளைப் பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கையால் அவளால் இப்போது துணி பிழிய முடிவதில்லை. ரியான்தான் பிழிந்து தருகிறாள்.

"நல்லா எடுபடுமாமா?" என்றாள் ஒல்வென்.

 நெஸ்டா கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக டெலித்தின் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குப் படம்?"

"பத்தரைக்கு."

"அப்ப எல்லாரும் தலையைச் சீவிக்குங்கடி."

பத்தரைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று கூப்பிட்ட குரல்களுக்கு யாரும் திரும்பவில்லை. பதினாலு பேரும் சீருடையோடு மூன்றாம் மாடிக்குப் படியேறினார்கள். கெதின் பின்னால் வந்தான். ப்ராசரின் அறையில் சாம்பல் நிறக் கம்பளம். அதைத் துடைக்க மட்டும் வெளியிலிருந்து தனி ஆள் வருவார். புகைப்படக்காரப் பெண் ஜன்னல் பக்கம் விளக்கை நிறுத்திக்கொண்டிருந்தாள். முதலில் நுழைந்த டெலித்தைப் பார்த்து ப்ராசர் சிரித்தார். எட்டாவது ஆள் நுழையும்போது சிரிப்பு நின்றது.

"இவ்வளவு பேர் வேணாமே. இடம் பத்தாது" என்றார்.

"மனுவுல பதினாலு கையெழுத்து, மிஸ்டர் ப்ராசர்" என்றாள் டெலித். "படத்துலயும் பதினாலு பேர் இருக்கட்டும்."

"ஹ்யூ…" என்று திருத்தினார் அவர்.

"மிஸ்டர் ப்ராசர். நாங்க கேட்டது விழாம வந்து சேர ஒரு வழி. நீங்க எடுத்துக்கிட்டது எங்க படி. பழைய நேரம் திரும்ப வேணும். மலைக்கு ஒரு வேன் வேணும். இத்தனை வாரமா பிடிச்சது திரும்பி வரணும்."

ப்ராசர் மேசை இழுப்பறையிலிருந்து மனுவை எடுத்தார். தயாராகத்தான் வைத்திருந்தார். இது யார் கையெழுத்து, இதை எழுதச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நான்தான் எழுதினேன். தெரியாம எழுதினேன்" என்றாள் டெலித். "உங்களுக்குத் தெரியும்ல? படி போகும்னு அன்னிக்கே தெரியும்ல? ஏன் சொல்லல?"

"விதியை விளக்கறது என் வேலை இல்ல."

"அப்ப ஒல்வென் கையைப் படம் எடுக்கறதுதான் உங்க வேலையா?" என்று பின்னாலிருந்து ரியான் கேட்டாள்.

புகைப்படக்காரப் பெண் விளக்கை அணைத்துவிட்டாள். ப்ராசருக்குக் காது சிவந்தது. சங்கத்தோடு பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று கெதினைப் பார்த்துச் சொன்னார். அந்த முறையைத்தான் கேட்டு வந்திருக்கிறோம், பேச்சுவார்த்தைக்குத் தேதி சொல்லுங்கள், போதும் என்றான் கெதின். தேதி வராமல் ப்ராசரின் வாயிலிருந்து மற்றதெல்லாம் வந்தது. பட்ஜெட் வந்தது, பொறுமை வந்தது, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பதுகூட வந்தது.  குடும்பமாம்.

கடைசியில் அவர் குரலைத் தணித்து, நான் டெலித்திடம் மட்டும் தனியாகப் பேசுகிறேன், மற்றவர்கள் வெளியே இருங்கள் என்றார்.

நெஸ்டா முன்னால் வந்தாள். அவருக்கு எதிரே விருந்தினருக்குப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, டெலித்தின் தோளை அமுக்கி அதில் உட்காரவைத்தாள். தான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இவ இனிமே தனியா எங்கயும் பேச மாட்டா" என்றாள்.

ப்ராசர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க ஷிஃப்ட் முடிஞ்சு கால் மணி ஆச்சு. இங்க நிக்கறதுக்கெல்லாம் கூலி கிடையாது. அது தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் டெலித். "இது எங்க சொந்த நேரம். எங்களுக்கு அவசரமே இல்ல."

பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கம்பளத்தில் உட்காரத் தொடங்கினார்கள். ஒல்வெனை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார்கள். கெதின் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டான். ப்ராசர் தொலைபேசியை எடுத்தார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.